நசுருதீனின் மைக் டெஸ்ட்

மைக்கைக் கையில் எடுத்தால் ஊரில் இருக்கிற எல்லா சவுண்ட் சர்வீஸ்காரர்களும் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார்கள். நசுருதீன் மட்டும் சொல்ல மாட்டான். அன்றைக்கு மேடையில் யார் பேசப் போகிறாரோ, அவராகவே மாறிவிடுவான். சங்கத் தலைவர் என்றால் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு செருமல், பின்னால் ஒரு "தேங்க் யூ". பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் தலைமை ஆசிரியையின் இழுவை, "மாணவச் செல்வங்களேஏஏ" என்று வாசல்வரை போகும். கவுன்சிலர் வருகிறார் என்றால் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, "இந்த நேரத்திலே... நான் ஒன்றை மட்டும்... ஒன்றை மட்டும்..." என்று எதையுமே சொல்லாமல் ஓட்டுவான். நாற்காலி அடுக்குகிறவர்கள் நாற்காலியைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

"சும்மா ஒன்னு ரெண்டு எண்ணிட்டுப் போயேன்ப்பா" என்று மண்டப மேனேஜர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

"ஒன்னு ரெண்டு எண்ணுனா மைக் வேலை செய்யுதான்னு தெரியும் சார். ஆளுக்குப் பொருந்துதான்னு தெரியுமா? செருப்பு வாங்குறப்போ காலைத்தானே உள்ள விட்டுப் பாப்போம், கையையா விட்டுப் பாப்போம்?"

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடை வீதிக்குப் பின்னால், ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அவன் வீடு. கொஞ்ச காலம் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் விருந்து மண்டபத்தில் கேபிள் இழுத்தான். திரும்பி வரும்போது மற்றவர்கள் கம்பளியும் டி.வி.யும் கொண்டுவந்தார்கள். இவன் அந்த ஹோட்டல் கழித்துப்போட்ட டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றைச் சவப்பெட்டி மாதிரி மரப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அதன் ஃபேடர் கட்டைகள் மோட்டாரில் ஓடும். பொத்தானைத் தட்டினால் யாரும் தொடாமலே வரிசையாக மேலேறிக் கீழிறங்கும். முதல் தடவை அதைப் பார்த்த அவன் மனைவி நஜ்முன்னிசா பிஸ்மி சொல்லிப் பின்வாங்கினாள். பிறகு பழகிவிட்டது. தன் பழைய துப்பட்டாவால் அதை மூடி வைக்கிற அளவுக்கு.

அவள் பாடுதான் பாடு. அடுப்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து மண்டப மேனேஜர் பேசுவார், காஸ் சிலிண்டர்காரர் பேசுவார், அவளுடைய அண்ணன் பரக்கத் அலி பேசுவார். "இப்பப் பேசறது யாரு? என் வீட்டுக்காரரா இருந்தா மட்டும் டீ உண்டு" என்பாள்.

இத்தனை குரல்களிலும் நசுருதீன் மிகவும் ஆசையாகச் செய்தது தேசிக் சாமியின் குரலை.

தேசிக் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர். உபந்யாசம் சொல்கிறவர். அறுபதை நெருங்கியவர், ஒல்லி, கத்தி மாதிரி நாக்கு. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல், வெண்கலப் பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மைக் டெஸ்டுக்கு வர மாட்டார். சந்தியாவந்தனம் முடித்து நேராக மேடைக்குத்தான். ஆகவே அவருக்குப் பதிலாக நசுருதீன் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, அவருடைய வழக்கமான ஆரம்பத்தைப் போட்டு மைக்கைச் சரிசெய்வான். "ம்ம்... சொல்றேன், கேளுங்கோ."

ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பேசி முடித்துத் திறந்தால், எதிரே தேசிக் சாமி நிற்கிறார், திருமண் பளிச்சென்று. நசுருதீன் துள்ளி எழுந்தான்.

"ஓய்" என்றார் அவர். "மூக்கு ஜாஸ்தி. கொஞ்சம் குறையும்."

அன்றையிலிருந்து சிநேகம். எந்த மண்டபம் கூப்பிட்டாலும், "நசுருதீன் மைக் வச்சா வரேன்" என்பது அவர் முதல் நிபந்தனை. ரெண்டாவது நிபந்தனை, யாரும் பதிவு பண்ணக் கூடாது. செல்போனைத் தூக்கினால் பேச்சை நிறுத்திவிடுவார். அவர்கள் வழியில் அப்படித்தான். ஆசார்யன் வாயிலிருந்து சிஷ்யன் காதுக்கு. "நடுவில பெட்டி எதுக்கு? பெட்டியில இருக்குங்கற தைரியத்துல காதை மூடிண்டுடுவா" என்பார். மகள் மாலினியின் கல்யாண வீடியோவில்கூட அவர் வாய் அசைவதுதான் தெரியும். மேலே வேறு ஏதோ பாட்டு ஓடுகிறது.

இந்தப் பிடிவாதம் வீட்டிலும் உண்டு. மனைவி வேதவதியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கேட்டியோ" என்பார். அவ்வளவுதான். காபி வேண்டுமென்றாலும் கேட்டியோ, கதவைத் தாழ்ப்போட வேண்டுமென்றாலும் கேட்டியோ. மாமி எல்லா உபந்யாசத்துக்கும் வருவாள். கடைசி வரிசையில் தூணோரம் உட்காருவாள். மேடையில் அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினால், எழுந்திருக்கிற முதல் ஆள் அவள்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் குரல் கம்மியது. இஞ்சி, அதிமதுரம், மிளகுக் கஷாயம் எல்லாம் ஆயிற்று. மாலினி சென்னைக்கு அழைத்துப் போனாள். குரல்வளையில் கட்டி. எடுத்தால் உயிர் நிற்கும். குரல் நிற்காது.

நசுருதீன் போய்ப் பார்த்தபோது தேசிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய், இனிமே நம்ம ஆத்துல ஊமைப் படம்தான். டிக்கெட் ஃப்ரீ" என்றார் கரகரப்பாக. 

மாலினிதான் வழி சொன்னாள். அவள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "அண்ணா, ஒருத்தரோட குரல் கொஞ்ச நேரம் சுத்தமா கிடைச்சாப் போதும். அதை வச்சு ஃபோன்ல அதே குரலைப் பண்ணிக் குடுக்கறா. அப்பா டைப் பண்ணுவார். ஃபோன் அப்பா குரல்ல பேசும்."

பதிவுக்கென்று அந்தக் கம்பெனி படிக்கக் கொடுத்த வாக்கியங்களை அப்பாவிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "நான் தோசை சாப்பிடுகிறேன். ரயில் தாமதமாக வருகிறது." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதைச் சொல்லவா பெருமாள் நேக்குத் தொண்டை குடுத்தார்? மாட்டேன் போ."

மாலினி அழுதாள். மாமி அழவில்லை. அடுக்களை வாசலில் நின்றபடி, "எனக்காக ஒரு தடவை" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

தேசிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கடைசியா ஒரு உபந்யாசம் சொல்றேன். அதைப் பிடிச்சுக்கோங்கோ. ஆனா நசுருதீன் கம்பி மட்டும்தான். செல்போன் கிடையாது. ஒரே ஒரு பிரதி. இந்த ஆத்துக்குள்ள இருக்கணும், ஊர் சுத்தக் கூடாது."

மண்டபத்தில் ஸ்பீக்கர் சத்தத்தை அப்படியே பிடித்தால் எதிரொலி, இருமல், ஃபேன் எல்லாம் சேர்ந்துவிடும். அவர் மைக்கில் போகிற குரல் தனியாக வேண்டும். அதற்கு மிக்ஸரைக் கம்ப்யூட்டரோடு நெட்வொர்க் கம்பியால் இணைக்க வேண்டும். நசுருதீன் மிக்ஸரில் அதற்கான துளை இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் தூசிதான் குடியிருந்தது.

சித்திரை வீதியில் ஒரு சின்ன மண்டபம். மதியச் சாப்பாட்டுக்கே நசுருதீன் குட்டியானை வண்டியில் சாமான்களோடு வந்துவிட்டான். மாலினியின் லேப்டாப்பை மிக்ஸர் பக்கத்தில் வைத்துக் கம்பியை மாட்டினான். ரெண்டும் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்றன. பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி, ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மாலினி அப்பாவோடு வீட்டில் இருந்தாள். அவளுக்குப் போன் போட்டான்.

"ரெண்டுக்கும் ஐ.பி. அட்ரஸ் ஒரே மாதிரி ஆரம்பிக்கணும்ணா. கடைசி நம்பர் மட்டும் வேற வேற."

"அதாவது ஒரே தெரு, கதவு நம்பர் வேற?"

"ஆமாண்ணா!"

"அதை முதல்லயே அப்படிச் சொல்லும்மா. உத்திர வீதியில இருக்கறவனும் உறையூர்ல இருக்கறவனும் ஜன்னல்ல நின்னு பேசிக்க முடியாதுன்னு."

எண்களை மாற்றினான். அப்புறமும் லேப்டாப் திருட்டுத்தனமாக மண்டபத்து வைஃபையோடு போய் ஒட்டிக்கொண்டது. அதை அணைத்தான். திடீரென்று திரையில் மிக்ஸரின் பெயர் வந்தது, பச்சை விளக்கோடு. நசுருதீன் காலி மண்டபத்தில் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான்.

பிறகு வழக்கப்படி மேடையில் உட்கார்ந்து தேசிக் சாமியானான். "ம்ம்... சொல்றேன், கேளுங்கோ." சரணாகதி பற்றி அவர் எப்படி ஆரம்பிப்பாரோ, எங்கே நிறுத்துவாரோ, எங்கே செம்பைத் தூக்குவாரோ, அப்படியே பேசினான். அது லேப்டாப்பில் பதிவாயிற்று. இந்தப் புதுக் கம்பியில் ஒரு வசதி. பதிவானதை அதே வழியாக மிக்ஸருக்குத் திருப்பி அனுப்பி ஸ்பீக்கரில் ஓட விடலாம். மேடையில் ஆளே இல்லாமல் ஆள் பேசும். நசுருதீன் அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டுவிட்டு, மண்டபம் முழுக்க நடந்து கேட்டான். மாமி உட்காரும் தூணோரமும் உட்கார்ந்து பார்த்தான். அங்கே கொஞ்சம் இரைந்தது. வந்து குறைத்தான்.

போய்த் திரும்பி வருகிற ஒலி வழியில் கெடுகிறதா என்றும் பார்க்க நினைத்தான். எந்த ஒலியைப் பதிய வேண்டும் என்பதை லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும். வேண்டிய கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். மேடை மைக்கில் இருந்த டிக்கை எடுத்து, திரும்பி வருகிற அந்த ஒலிக்கு மாற்றினான். கெடவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. இனி டிக்கைப் பழைய கட்டத்துக்கே மாற்றினால் வேலை முடிந்தது.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. ஒருநாளும் முன்னதாக வராத தேசிக், அன்றைக்கு முன்னதாக வந்துவிட்டார். காலி நாற்காலிகளுக்கு நடுவே, காலி மேடையிலிருந்து தன் குரல் சரணாகதி சொல்வதைக் கேட்டுக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"என்ன ஓய்" என்றார். "நான் வரதுக்குள்ள நான் ஆரம்பிச்சுட்டேனா?"

அந்தக் கரகரப்பும் ஸ்பீக்கரில் ஓடிய வெண்கலமும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தபோது நசுருதீனுக்கு உடம்பு கூசியது. ஃபேடரைச் சட்டென்று கீழே இழுத்தான். மண்டபம் அமைதியானது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தேசிக் அவன் கையை விடவில்லை. ரெண்டு பேரும் அப்படியே மேடை ஓரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பயமா இருக்கா சாமி?"

"இருக்கு ஓய். ஊருக்கெல்லாம் சரணாகதி சொல்லிட்டு, தொண்டையைக் குடுன்னா குடுக்க மனசு வரலையே."

கூட்டம் வரத் தொடங்கியது. நசுருதீன் மிக்ஸருக்குத் திரும்பினான். மேடை மைக்கைத் திறந்தான். லேப்டாப்பில் பதிவுப் பொத்தானை அழுத்தினான். பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின.

அன்று தேசிக் பேசினதை ஸ்ரீரங்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, எங்கிருந்தோ பழைய வெண்கலம் வந்தது. நடுவில் அவர் நசுருதீன் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, அந்த ஸ்பீக்கர் இருக்கே. இத்தனை வருஷமா நான்தான் பேசறேன்னு அது நெனச்சிண்டிருக்கு. கரண்ட் போனாத்தான் தெரியும், பேசினது வேற ஒருத்தர்னு. தேசிக்னு ஒரு ஸ்பீக்கர். இப்போ கரண்ட் போகப் போறது. பேசினவர் அங்கேயேதான் இருக்கார்." கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் எழுந்தது.

செம்பை வைத்துவிட்டு தேசிக் மறுபடி தொடங்குகிற நேரத்தில் நசுருதீன் ஒருமுறை ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தான். லேப்டாப்பில் என்ன பதிவாகிறது என்று கேட்க. "சொல்றேன், கேளுங்கோ" என்றது தேசிக்கின் குரல், சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல். போதும். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். இந்தக் குரலைக் காற்றில் கேட்க இனி வாய்க்காது. பெட்டி வழியாகக் கேட்டு அதை வீணாக்க அவனுக்கு மனம் இல்லை.

கடைசியில் தேசிக் கண்ணை மூடினார். கூட்டம் முடிந்துவிட்டது என்று சிலர் எழுந்தார்கள்.

"ஒருத்தி இருக்கா" என்றார். "அடியேன் பேசின இடத்துக்கெல்லாம் வந்து தூணோரமா உக்காந்து கேட்டவ. ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லே." கண்ணைத் திறந்து தூணோரம் பார்த்தார். "வேதவதி. போறும். எழுந்து வா, ஆத்துக்குப் போலாம்."

தூணோரத்தில் மாமி எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே குனிந்துவிட்டாள். மிக்ஸர் மேல் பச்சைக் கோடுகள் நசுருதீனுக்கு நனைந்து தெரிந்தன.

சென்னையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவர் ஊர் திரும்புகிற வாரம் மாலினி கூப்பிட்டாள். "அண்ணா, ஃபைலை ரெடி பண்ணி வைங்க. அப்பா வந்ததும் அனுப்பிடலாம்." ஆத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் சென்னைக்குப் போயிருந்ததால், அந்த ஒரே பிரதி இருந்த லேப்டாப்பை நசுருதீன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அஸர் தொழுதுவிட்டு வந்து, அதைத் திறந்து, சின்ன ஸ்பீக்கரில் மாட்டினான். நஜ்முன்னிசா பட்டாணி உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்ம்... சொல்றேன், கேளுங்கோ" என்று ஆரம்பித்தது. நசுருதீன் கண்ணை மூடிக்கொண்டான். நஜ்முன்னிசாவும் தலையசைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"என்னங்க, சாமி ஏன் சொன்னதையே திருப்பிச் சொல்றாரு?"

"அழுத்திச் சொல்லுவார். அவர் பாணி."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. நஜ்முன்னிசாவின் கை நின்றது. ஒரு பட்டாணி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"என்னங்க... இது நீங்க."

அவன் பதறி முன்னால் ஓட்டினான். அதே பேச்சு. கடைசிக்கு ஓட்டினான். அதே செருமல், அதே செம்பு வைக்கும் சத்தம், அதே கேளுங்கோ. ஸ்பீக்கர் உதாரணம் இல்லை. கூட்டத்தின் அழுகை இல்லை. வேதவதி இல்லை. ஃபேடரை இறக்கியதில் அடங்கியது ஸ்பீக்கர் மட்டும்தான். அன்று மண்டபத்தில் தேசிக் பேசப் பேச, அடக்கி வைத்த நசுருதீன் கம்பிக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். மாற்றாத டிக் அவனையே பதிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒன் டூ த்ரீ என்று எண்ணியிருந்தால் ஹெட்ஃபோன் வைத்த கணத்தில் தெரிந்திருக்கும். அவன் எண்ணவில்லையே. தேசிக்காக அல்லவா பேசினான். அத்தனை பேரைச் சிரிக்கவைத்த வித்தை கடைசியில் அவனையே ஏமாற்றிவிட்டது.

அதன்பின் மாலினி கூப்பிடும்போதெல்லாம், "கொஞ்சம் கிளீன் பண்ணிட்டிருக்கேன்மா" என்றான். அனுப்பிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. ஊரில் யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியவில்லையே. அவருக்கு ஒரு குரல் கிடைக்கும். அவனுக்குத் தூக்கம் கிடைக்கும்.

நஜ்முன்னிசா அவன் யோசனையை அவன் முகத்தில் படித்துவிட்டாள். "மாமிக்குத் தெரிஞ்சிடுங்க."

"உனக்குத் தெரிஞ்சது திரும்பத் திரும்ப ஓடுனதால."

"இல்ல. மூச்சால. எந்த வேஷம் போட்டாலும் முடிச்சதும் ஒரு மூச்சு விடுவீங்க, யாராச்சும் சிரிக்கிறாங்களான்னு பாக்குற மாதிரி. எனக்கு அது தெரியாதா? அந்தம்மாவுக்கு அவர் மூச்சு தெரியாதா?"

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனான். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தான். பஸ் கிளம்பிவிட்டது.

தேசிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி. துணிக்குப் பின்னால் இருந்த துளை வழியாக மூச்சு உஸ், உஸ் என்று போய் வந்தது. நசுருதீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. செல்போனில் எதையோ தட்டினார். மாலினி தற்காலிகமாகப் போட்டுக்கொடுத்த ஒரு பெண் குரல், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் அறிவிக்கிற தினுசில், "வாரும். ஓய். நசுருதீன்" என்றது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற அளவு இடைவெளி.

மாமி முக்காலியைத் துடைத்துப் போட்டாள். "கொண்டு வந்துட்டேளா? சித்த போடுங்கோ. கேக்கணும்."

"மாமி" என்றான் நசுருதீன். அந்தக் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. யாருடைய குரலும் இல்லாத, தன் குரலில் அவன் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. "இதுல சாமி இல்ல. நான்தான் இருக்கேன்."

மாலினி எழுந்துவிட்டாள். "என்னண்ணா சொல்றீங்க?"

சொன்னான். டிக்கைச் சொன்னான், ஃபேடரைச் சொன்னான், கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரம் உட்கார்ந்ததைச் சொன்னான்.

"ஒரு தடவை செக் பண்ணியிருக்கக் கூடாதா அண்ணா? ஒரே ஒரு தடவை?"

"பண்ணேம்மா. ஹெட்ஃபோன் வச்சுக் கேட்டேன். சாமி குரல்தான் கேட்டுச்சு."

மாலினி விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

மாமி லேப்டாப்பைப் பார்த்தாள். அப்புறம், ரொம்ப மெதுவாக, "கடைசியில... என் பேரைச் சொன்னாரே" என்றாள். "அது மட்டுமாவது?"

"இல்ல மாமி."

ஆனால் அது அவன் காதில் இருந்தது. வே என்று எடுத்த இடம், வதியில் குரல் கொஞ்சம் உடைந்த இடம், போறும் என்பதற்கு முன்னால் விழுங்கிய எச்சில், எல்லாம் அச்சுக் குலையாமல். இந்தப் பூமியில் அது இருந்த ஒரே இடம் அவன் தொண்டைதான். கண்ணை மூடினால் வந்துவிடும். அவனை அறியாமல் தொண்டை கனைத்தது. உதடு பிரிந்தது.

"வேண்டாம்" என்றாள் மாமி.

அவள் கத்தவில்லை. கை மட்டும் தடுப்பதுபோல நீண்டிருந்தது. நசுருதீன் வாயை மூடிக்கொண்டான்.

தேசிக் மேஜையைத் தட்டினார். லேப்டாப்பைக் காட்டினார். போடு என்று சைகை. நசுருதீன் தயங்கினான். மறுபடி தட்டினார். போட்டான். "ம்ம்... சொல்றேன், கேளுங்கோ." தேசிக் தலையைச் சாய்த்துக் கேட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நசுருதீன் நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. செல்போனில் தட்டினார்.

"மூக்கு. இன்னும். ஜாஸ்தி" என்றது பஸ் ஸ்டாண்டுப் பெண்.

நசுருதீன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். தேசிக் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். நேரமாயிற்று. பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தையாக அறிவித்தாள்: "இத்தனை நாள். உம்ம ஸ்பீக்கரில். நான். பேசினேன். இனிமேல். என் வாயில். நீர். பேசும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்த மாலினி, "அப்பா, வேண்டாம்" என்றாள். அவர் பிடிவாதம் அவளுக்குத் தெரியாததா? அந்த ஃபைலையே அனுப்பினார்கள். குரல் தயாராகி வந்தது. பார்க்க வருகிறவர்கள், "அடடா, அச்சு அசல் சாமி குரல்" என்று போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயில் வாசலில், மருந்துக் கடையில், தபால்காரரிடம், எல்லா இடத்திலும் தேசிக் நசுருதீன் குரலில்தான் பேசினார்.

வீட்டுக்குள் மட்டும் இல்லை. அது மாமி போட்ட நிபந்தனை. ஒருநாள் வாசல்வரை வந்து நசுருதீனை வழியனுப்பும்போது சொன்னாள். "தப்பா நெனச்சுக்காதீங்கோ. சாயங்காலம் உங்க குரல்ல காபி கேட்டா, நான் யாருக்குன்னு போட்டுண்டு வரது? அந்தப் பொண்ணே இருக்கட்டும். அவ யாருமில்லேன்னு தெரியறது." உள்ளே அந்த நேரம் பஸ் ஸ்டாண்டுப் பெண், "கேட்டியோ" என்று கூப்பிட்டாள். மாமி திரும்பி நடந்தாள்.

நசுருதீன் இப்போதும் மைக் வைக்கிறான். மிக்ஸர் மேல் துப்பட்டா இருக்கிறது. கம்பியை மாட்டினால் லேப்டாப்பும் மிக்ஸரும் சமர்த்தாகப் பார்த்துக்கொள்கின்றன. டிக்கை அவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அடுப்படியில் பின்னாலிருந்து மேனேஜரும் சிலிண்டர்காரரும் பேசுவதில்லை. "ஒரு தடவை எங்க அண்ணனைத்தான் கூப்பிடுங்களேன்" என்று நஜ்முன்னிசா கேட்டும் பார்த்துவிட்டாள்.

சென்ற வாரம் துவாக்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மைக்கை எடுத்து, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றான். நாற்காலிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுக்கத் தொடங்கினார்கள். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஓய் நசுருதீன்" என்றது அவனுடைய குரல், தேசிக்கின் வாசல் திண்ணையிலிருந்து. "இன்னிக்கு யாரா டெஸ்ட் பண்றீர்?"

"யாராவும் இல்ல சாமி. ஒன் டூ த்ரீதான்."

அந்தப் பக்கம் பதில் வரவில்லை. தட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நேரமாகும். காத்திருந்த அந்த இடைவெளியில் போனுக்குள் உஸ், உஸ் என்று மூச்சு கேட்டது. கழுத்துத் துளை வழியாகப் போய் வருகிற மூச்சு. அதில் கொஞ்சமும் நசுருதீன் இல்லை.

அவன் எழுந்து போய் மேடைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினான். நாற்காலிக்காரர்களைச் சத்தம் போட வேண்டாம் என்று கையமர்த்தினான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.